காலி முத்திரை

லெம்பி ஹார்யு அந்தத் துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருந்தது மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு அது அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்தது.

லெம்பி எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. கிவிராந்தாவில் நவம்பர் நடுவில் மான் வேட்டை தொடங்கினால், ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் உடம்புக்கு முடியாமல் போகும். பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுவார்கள். முதியோர் இல்லத்தில் பசிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. ஆகவே வேட்டைக்காலம் முழுவதும் லெம்பி இரட்டை ஷிப்ட் பார்த்தாள். அது முடிந்தபோது அவள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு பை புளூபெர்ரி இருந்தது. மீதியெல்லாம் ஐஸ்.

அவள் கணவன் ரெய்னோவின் இடுப்பு மார்ச் மாதமே மர ஆலையில் போய்விட்டது. அவனால் காட்டில் நடக்க முடியாது. குளிர்காலத்துக்கு ஒரு மான் வேண்டும், அதை அவள்தான் கொண்டுவர வேண்டும். மிச்சம் இருந்தது டிசம்பரில் வரும் பத்து நாள் பருவம் ஒன்றுதான். அந்தப் பத்து நாளும் தோட்டா ரைஃபிள் கூடாது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, பொட்டுவெடி மாதிரி ஒரு கேப்பு வைத்துச் சுடுகிற பழைய முறைத் துப்பாக்கி மட்டும்தான்.

ஒன்னி சாரெலாவிடம் அப்படி ஒன்று இருந்தது. பிறவியில் அது தோட்டா ரைஃபிள். ஒன்னி சுரங்கத்தில் வெல்டர். குளிர்காலத்தில் சும்மா உட்காரத் தெரியாதவன். தோட்டா போகிற பின்வாசலில் மரை போட்டு ஓர் இரும்பு அடைப்பைத் திருகிவிட்டான். அன்றிலிருந்து அது வாய் வழியாக மட்டும் சாப்பிட்டது. லெம்பி தன் படகு மோட்டாரைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள்.

"கம்பியை உள்ள விடு," என்றான் ஒன்னி.

விட்டாள். குழலின் அடியில் இரும்பும் இரும்பும் பட்டு மணி அடித்தது.

"டிங்னா காலி. வீட்டுக்குள்ள கொண்டு போ. தொப்புன்னு கேட்டா உள்ள சரக்கு இருக்கு. வெளியவே நில்லு. உன் மாமியாரே கூப்பிட்டாலும் உள்ள வராதே."

"அவங்க கூப்பிட மாட்டாங்க."

"அப்ப பிரச்சினையே இல்ல."

எங்கள் பக்கம் டிசம்பரில் எல்லா வீட்டு வாசலிலும் இந்த மணிச் சத்தம் கேட்கும். பூட்ஸில் ஒட்டிய பனியை உதறுவது மாதிரி ஒரு பழக்கம். யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்து பதவியில் உட்காருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அவள் நேராக லைசென்ஸ் கவுண்டருக்குப் போனாள். கவுண்டரில் வெர்னா. பள்ளியில் லெம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"என்ன ஆயுதம்?"

"கெட்டிக்கிற துப்பாக்கி."

"ம்."

"முன்னாடி ரைஃபிளா இருந்துச்சு. மாத்தினது."

வெர்னாவின் பேனா நின்றது. சுற்றிலும் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த மேலதிகாரி ஏற்கனவே தலையைத் தூக்கியிருந்தார்.

"ஏண்டி, கெட்டிக்கிறதுன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று வெர்னா பல்லைக் கடித்தாள்.

"உண்மையைத்தானே சொன்னேன்."

"ஆயுதம் என்னன்னுதான் கேட்டேன். அதோட ஜாதகத்தையா கேட்டேன்? இனிமேலாவது கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

துப்பாக்கியின் கழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டைக் கட்டினார்கள். அது மாற்றப்பட்ட ஆயுதங்கள் வாரியத்துக்குப் போனது. லெம்பி பின்னாலேயே போனாள்.

வாரியம் இருந்தது பழைய வங்கிக் கட்டடத்தில். வாசலில் ஒரு காவலாளி. கையில் ரப்பர் முத்திரை. வருகிற ஆயுதம் எல்லாவற்றின் சீட்டிலும் 'காலி' என்று குத்துவது அவர் வேலை.

லெம்பி பழக்கத்தில் கம்பியை எடுத்துக் குழலுக்குள் விடப் போனாள்.

"அதெல்லாம் இங்க வேண்டாம்மா," என்றார் காவலாளி. "கெட்டிச்ச துப்பாக்கி இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாதுன்னு விதி. அதனால உள்ள வர்ற துப்பாக்கி எல்லாம் காலி."

"பாக்க வேண்டாமா?"

"பாத்தா விதி மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்."

அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மேலும் 'காலி' என்று குத்தினார். உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டி ஒன்று சூடாக இருந்தது.

மாடியில் ஒரு நீளமான அறை. நடுவில் தரையில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. நாடாவுக்கு இடப்பக்க மேசை, ரைஃபிள் வாங்க அனுமதி தரும் கொள்முதல் பிரிவு. அந்த மேசைக்கு அது ரைஃபிள். பிறவியில் ரைஃபிளாக இருந்தது சாகும்வரை ரைஃபிள். வலப்பக்க மேசை வேட்டைப் பிரிவு. அதற்கு அது ரைஃபிள் அல்ல. வாய் வழியாகச் சாப்பிடுவது எதுவும் ரைஃபிள் ஆகாது. இரண்டு மேசைக்காரர்களும் நண்பர்கள். ஒரே பிளாஸ்கிலிருந்து காபி குடித்தார்கள். துப்பாக்கியை இடப்பக்கம் வைத்தால் லெம்பி அனுமதியில்லாமல் ரைஃபிள் வைத்திருந்தவள். வலப்பக்கம் வைத்தால் ஒரு குற்றமும் இல்லை. அதனால் நாடாவின் குறுக்கே வைத்தார்கள். கட்டை இந்தப் பக்கம், குழல் அந்தப் பக்கம்.

சுவரில் ஒரு பலகை. 'விண்ணப்பதாரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும்.'

தலைவர் டெல்லிங்கர் வந்தார். தலைநகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அகலமான தொப்பி ஒன்று வைத்திருந்தார். கட்டடத்துக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை. துப்பாக்கியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"நாங்க துப்பாக்கிக்கு எதிரி இல்ல," என்றார். "எங்க கவலை அதோட மனசு. இது இன்னைக்கு அமைதியா இருக்கு. நாளைக்குப் பழைய நெனப்பு வந்து மறுபடி ரைஃபிளா ஆகணும்னு ஆசைப்பட்டா? பழசை விட்டுட்டேன்னு அது நிரூபிக்கணும்."

"துப்பாக்கியா?" என்றாள் லெம்பி.

டெல்லிங்கர் பலகையைக் காட்டினார்.

துப்பாக்கிக்குப் பேச்சு வராது என்பதால், அதன் சார்பாக முந்தைய உடைமையாளரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் ஒன்னி சுரங்கத்து உடையோடு வந்து நாடாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"மாத்தினதுக்கு அப்புறம் இது எப்பவாவது ரைஃபிள் மாதிரி நடந்துக்கிட்டதா?" என்று டெல்லிங்கர் கேட்டார்.

"ஒரு தடவை."

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன பண்ணுச்சு?"

"குறி பாத்தேன். பட்டுச்சு."

இரண்டு மேசைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. துப்பாக்கிக்குப் பழைய நினைவு இருப்பது உறுதியானது. அன்றுதான் பருவத்தின் முதல் நாள். லெம்பி வீட்டுக்குப் போகும் வழியில் ஏழு வண்டிகளின் கூரையில் மான் கட்டியிருந்தது.

வாரியம் பரிகாரம் சொன்னது. பின்பக்கத்து அடைப்பைத் திருகிக் கழற்ற முடிகிறவரை ஆபத்து. அதை நிரந்தரமாக வெல்டிங் செய்ய வேண்டும். வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற வெல்டர்தான் செய்ய வேண்டும். மாவட்டத்தில் அப்படி ஒருவன்தான் இருந்தான். ஒன்னி சாரெலா.

ஒன்னி வெல்டிங் முகமூடியை மேலே தள்ளிக்கொண்டு டெல்லிங்கரிடம் கேட்டான். "சார், ஒண்ணு சொல்லட்டா? சுடாம விட்ட சரக்கை வெளிய எடுக்கணும்னா, இந்த அடைப்பைக் கழட்டித்தான் எடுப்போம். இதை மூடிட்டா உள்ள போனது வர்றதுக்கு வேற வழியே கிடையாது. சுட்டாத்தான் வரும்."

"தம்பி, இந்த வாரியத்தோட சட்டத்தை நான் ரெண்டு தடவ படிச்சிருக்கேன். உள்ள போற வழியைப் பத்தித்தான் அதுல இருக்கு. வெளிய வர்ற வழி எங்க அதிகார வரம்புல இல்ல."

"சரி சார்," என்று ஒன்னி முகமூடியை இறக்கிக்கொண்டான். இறக்கும்போது லெம்பியைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்போது அதில் ஒரு அர்த்தமும் இல்லை. அவன் எல்லோரையும் பார்த்துக் கண்ணடிப்பான்.

வெல்டிங் செய்ததால் துப்பாக்கி மறுபடி மாற்றப்பட்டதாக ஆனது. மாற்றப்பட்டதால் மறுபடி சோதனை. வாய் வழியாகக் கெட்டிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனையை விண்ணப்பதாரர் பார்க்கக் கூடாது. லெம்பி வராந்தாவில் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். அவளுக்குப் பதிலாகச் சமைக்க வந்தவன் சூப்பில் உப்பு போடவில்லை என்று பிறகு பதினெட்டுப் புகார்கள் வந்தன.

உள்ளே கம்பி இறங்கியது. டிங்.

நல்லது என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம் பேச்சு. சோதனை அதிகாரியின் குரல், டெல்லிங்கரின் சிரிப்பு. "வாரியத்து இதழுக்கு ஒரு படம் எடுத்துக்கலாமே," என்று யாரோ சொன்னார்கள். கேமரா வெளிச்சம் கதவிடுக்கில் பளிச்சிட்டது. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. லெம்பி பார்த்தாள். என்ன பார்த்தாள் என்பதை அப்போது யாரும் அவளிடம் கேட்கவில்லை.

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். போகும்போது ஒருவர் துப்பாக்கியை மேசையோரம் சாய்த்து வைத்து, கம்பியைக் குழலுக்குள் போட்டார்.

தொப்.

லெம்பி எழுந்தாள். "சார்."

டெல்லிங்கர் நடந்துகொண்டே, கதவு வழியாக உள்ளே தெரிந்த பலகையைக் காட்டினார்.

சாப்பிட்டுவிட்டு அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். சோதனை அதிகாரி முதலில் வந்தார். கையில் சான்றிதழ். 'வாய் வழியாகக் கெட்டிக்க இயலும்: ஆம். நிலை: காலி.'

"சார், அந்தத் துப்பாக்கி..."

"அம்மா, துப்பாக்கி பாஸாயிடுச்சு. சந்தோஷப்படுங்க. கேள்வி ஏதாவது இருந்தா நாங்களே கேப்போம்."

"எப்ப சார் குடுப்பீங்க?"

அந்தக் கேள்விக்கு டெல்லிங்கரே வந்து பதில் சொன்னார். கையை அவள் தோளுக்கு மேலே, தொடாமல், ஆசீர்வாதம் மாதிரி வைத்துக்கொண்டார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சதிலேர்ந்து எல்லாச் சோதனையிலயும் தேறின மொத ஆயுதம் இது. மத்ததெல்லாம் பாதியிலயே விழுந்துடுச்சு. அல்லது சொந்தக்காரங்க செத்துட்டாங்க. இதை உங்ககிட்டக் குடுத்து, நீங்க காட்டுக்குக் கொண்டு போய், மழையில நனைச்சு, மானைச் சுட்டு... அது சரியா இருக்குமா? இது ஒரு முன்மாதிரி. கண்ணாடிப் பெட்டியில இருக்க வேண்டியது. நிறைவு நாள் விழாவுல நானே இதை ஏந்துவேன். அப்புறம் பெட்டியில நிரந்தரமா இருக்கும். உங்க பேரும் கீழ இருக்கும். சின்ன எழுத்துல."

"எனக்கு ஒரு மான் வேணும் சார்."

"அடுத்த வருஷமும் மான் இருக்கும்மா. முன்மாதிரி தினம் கிடைக்காது."

வீட்டில் ரெய்னோ அடுப்புப் பக்கத்தில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் முகத்தைப் பார்த்துவிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவங்ககிட்டச் சொல்லிடேன்," என்றான்.

"சொல்லப் போனேன். ரெண்டு தடவ."

"மூணாவது தடவ?"

"மூணாவது தடவ அவங்க கேக்கட்டும்."

"கேக்கலேன்னா?"

லெம்பி புளூபெர்ரிப் பையை வெளியே எடுத்து, வெறும் ஃப்ரீசரைத் துணியால் துடைத்தாள். உள்மூலைகளையும் விடாமல் துடைத்தாள். "லைசென்ஸ்ல உயிரினத்தோட பேரு எழுதற இடம் இருக்கு, ரெய்னோ. இன்னும் நிரப்பாமத்தான் வச்சிருக்காங்க."

ரெய்னோ முதுகுத் தலையணையைச் சரிசெய்துகொண்டான். "ஆளுங்க யாருக்கும் அடிபடக் கூடாது."

"படாது."

மான் வேட்டை தெரிந்தவர்களுக்குத் தெரியும். துரத்தினால் கிடைக்காது. காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். அசையக் கூடாது. இருமக் கூடாது. அது தன் வழக்கமான பாதையில் தானாக வந்து நிற்கும். பழக்கம்தான் அதைக் கொண்டுவரும்.

டெல்லிங்கரின் பழக்கம் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் பருவத்தின் கடைசி நாள் மாலை, சூரியன் விழுவதற்குச் சற்று முன், வாரியத்தின் கீழ்த்தளக் கூடத்தில் விழா. கூடத்தின் வடக்கு மூலையில் பஞ்சடைத்த மான் ஒன்று நிற்கும். அதன் பெயர் ஸ்தாபகர். வாரியத்தின் முதல் தலைவர் சுட்டதாம். வண்டியில் அடிபட்டுச் செத்தது என்று வெர்னா சொல்வாள். தலைவர் ஒரு காலித் துப்பாக்கியில் வெறும் கேப்பு வைத்து, ஸ்தாபகரைக் குறி பார்த்து விசையை இழுப்பார். பொட்டுவெடி மாதிரி டப் என்று ஒரு சத்தம். எல்லோரும் கைதட்டுவார்கள். பருவம் முடிந்தது.

கடைசி நாள் லெம்பி சீக்கிரமே போய்விட்டாள். கூடத்தில் காவலாளி மட்டும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கம் போட்டிருந்த இரண்டு வரிசையையும் அவள் ஒவ்வொன்றாகத் தூக்கித் தெற்குப் பக்கம் வைத்தாள்.

"ஏம்மா, அங்க நல்லாத்தானே இருந்துச்சு?"

"அங்க ஜன்னல் காத்து வருது. வயசானவங்க வருவாங்க."

"ஆமா, அதுவும் சரிதான்." அவரும் சேர்ந்து தூக்கினார். ஸ்தாபகருக்குப் பின்னால் இருந்த சுவர் இரண்டடித் தடிமன் மணற்கல். வங்கிக்காரர்கள் கட்டியது. லெம்பி அதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய படம் தொங்கியது. டெல்லிங்கர் அவளுடைய துப்பாக்கியோடு நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தொப்பி கொஞ்சம் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளும் உயரத்தில் இருந்தன. கீழே 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தது.

கூடம் நிறைந்தது. வெர்னா வந்தாள். ஒன்னி வந்து கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். லெம்பிக்கு முன்வரிசையில் இடம். நன்றி சொல்ல அழைக்கும்போது எழுந்து நன்றி மட்டும் சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

டெல்லிங்கர் குழலுக்குள் இருந்த கம்பியை உருவி மேடையில் வைத்துவிட்டு, துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

"நண்பர்களே, இது ஒரு காலத்துல ரைஃபிளா இருந்துச்சு. தோட்டா மேல தோட்டாவா முழுங்கிக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு அது எப்படி நிக்குது பாருங்க. அடக்கமா. இதை யாரு மாத்தினது? ஒரு வெல்டர் மாத்தினான்னு சொல்லுவாங்க. இல்ல. விதிமுறை மாத்துச்சு."

கைதட்டல். ஒன்னியும் தட்டினான்.

"இது காலி. எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ள பாத்தேனா? பாக்கல. பாக்கறவனுக்குச் சந்தேகம் இருக்குன்னு அர்த்தம். ஊருக்குள்ள சிலர் கம்பியை விட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. பாவம், அவங்ககிட்ட முத்திரை இல்ல. எங்ககிட்ட இருக்கு. இந்தச் சீட்டுல மூணு தடவ காலின்னு குத்தியிருக்கு. மூணு தடவ காலியான ஒரு பொருள், சாதாரணக் காலியை விட மூணு மடங்கு காலி."

யாரோ கேப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வைத்தார். கட்டையைத் தோளில் பொருத்தினார். ஜன்னலில் வெளிச்சம் ஆரஞ்சாக இருந்தது. பருவம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

லெம்பி அசையவில்லை.

அவர் விசையை இழுத்தார்.

டப் என்று கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஒருமுறை நடுங்கின. வெள்ளைப் புகை கூடத்தின் பாதியை எடுத்துக்கொண்டது. அழுகின முட்டை மாதிரி கந்தக வாடை. புகைக்குள்ளிருந்து ஸ்தாபகரின் தலை தரையில் உருண்டு வந்து முன்வரிசையில் நின்றது. கண்ணாடிக் கண் ஒன்று மட்டும் மேலே பார்த்தது. கழுத்திலிருந்து பழைய செய்தித்தாளும் மரச்சீவலும் கொட்டிக்கொண்டிருந்தன. டெல்லிங்கர் மேடையில் பின்பக்கமாக உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. துப்பாக்கி அவர் பக்கத்தில் கிடந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வடக்குப் பக்கம் ஒருவரும் இல்லை.

"அவருகிட்ட லைசென்ஸ் இருக்கா?" என்று வெர்னா பக்கத்தில் இருந்தவரிடம் அலுவலகக் குரலில் கேட்டாள்.

டெல்லிங்கர் மெல்ல எழுந்தார். காது கேட்காததால் கத்திப் பேசினார். காவலாளியைப் பார்த்தார். காவலாளி முத்திரையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சோதனை அதிகாரியைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். இரண்டு மேசைக்காரர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கடைசியில் அவர் விரல் லெம்பியிடம் வந்தது.

"அம்மா, உங்களைத்தான் கேக்கறேன். இது உங்க துப்பாக்கி. உங்க துப்பாக்கிதானே? யாரு இதுல மருந்து கெட்டிச்சது?"

கூடமே அவளைப் பார்த்தது. லெம்பி மேடையேறினாள். துப்பாக்கியைத் தரையிலிருந்து எடுத்தாள். கழுத்தில் தொங்கிய சீட்டை அறுத்து அவர் கையில் கொடுத்தாள். கம்பியைக் குழலுக்குள் விட்டாள்.

டிங்.

"என் துப்பாக்கிதான் சார்," என்றாள். பிறகு இரண்டாவது கேள்விக்கு, அவருக்குக் கேட்கும்படி சத்தமாக, பின்னால் தொங்கிய படத்தைக் காட்டிப் பதில் சொன்னாள். "அதுல கம்பியைப் பிடிச்சு இடிச்சுக்கிட்டு இருக்கறது நீங்கதான். போட்டோவுக்காக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிச்சீங்க. எடுக்காம சாப்பிடப் போயிட்டீங்க."